கால் எரிச்சல் யார் கணக்கில்? வீடு தேடி வந்த மருத்துவமும் தேடப்படாத வலியும்

புவனகிரி பக்கம் ஐம்பது வயசு தாண்டின யாரிடமாவது "சுகர் எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். நம்பரில்தான் பதில் வரும். "வெறும் வயித்துல நூத்தி எழுபது, சாப்ட்டு இருநூத்தி அறுபது." டீக்கடையில், நூறு நாள் வேலையில், பஸ்ஸில் எல்லாம் இந்த நம்பர் பேச்சு சகஜமாகிவிட்டது. அதே ஆளிடம் "ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டால்தான் அடுத்த கதை வெளியே வரும். உள்ளங்கால் எரியுது. மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு. போர்வை பட்டாக்கூட தாங்க முடியல. ஈரத்துணியைச் சுத்திக்கிட்டு ஃபேனுக்கு நேரா காலை நீட்டிப் படுக்கிறேன். ரெண்டு மணிக்கு எழுந்து திண்ணையில உக்காந்துடுறேன்.

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "அதுக்கென்ன சொல்றது, சுகர் இருந்தா அப்படித்தான்."

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரம் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது. அது சின்ன சாதனை இல்லை. ஆனால் அது தேடிப் போவது நம்பரை. கொஞ்ச காலமாகப் புண்ணையும் தேடுகிறது. வலியைத் தேடவில்லை. அந்த வலியைப் பார்க்கச் சரியான ஆள் ஏற்கெனவே களத்தில் இருக்கிறார்: செவிலியர். அவருக்கு நாம் அந்தக் கேள்வியையும் கொடுக்கவில்லை, கருவியையும் கொடுக்கவில்லை, அதிகாரத்தையும் கொடுக்கவில்லை.

நடந்தது என்ன

குறை சொல்லும் முன் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். 2007-ல் உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் ரத்தக் கொதிப்புக்கு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. 2012 வாக்கில் சர்க்கரையையும் சேர்த்து மாநிலம் முழுக்க விரிந்தது. தொற்றா நோய்களுக்கென்று தனியாகச் செவிலியர்கள் நியமிக்கப்பட்டார்கள். பிறகு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் சுகாதாரத் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறார்கள், சுகர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். 2022 டிசம்பரில் பயனாளிகள் எண்ணிக்கை 1 கோடியைத் தொட்டதாக அரசு அறிவித்தது. 2024-ல் ஐ.நா. அமைப்புகளின் கூட்டுப் பணிக்குழு விருதும் கிடைத்தது.

இதற்கான தேவை கண்கூடு. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தேசிய சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. அதைவிட உறுத்துவது 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு. சர்க்கரை உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 100-க்கு 11 பேருக்குத்தான். புவனகிரியிலிருந்து சிதம்பரம் ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பது என்பது மாதா மாதம் நடக்கிற காரியம் இல்லை. மாத்திரை வாசலுக்கு வந்தது அந்தத் தடையை உடைத்தது.

மூன்று கதவு, நடுவில் ஒரு ஆள்

இனி விமர்சனம். மக்களைத் தேடி மருத்துவத்தின் பயனாளிகள் கணக்கு எந்தெந்தத் தலைப்பில் வெளியாகிறது என்று பாருங்கள்: ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இரண்டும் சேர்ந்தது, நோய் ஆதரவுச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்வதற்கான பைகள். ஆறு தலைப்பு.

கால் எரிகிற ஒரு விவசாயக் கூலி இதில் எங்கே வருவார்? சர்க்கரைத் தலைப்பில் வருவார். அங்கே பார்க்கப்படுவது சுகர் அளவும் மாத்திரை தீர்ந்ததா என்பதும். ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் வலியைப் பற்றிக் கேட்பார்தான். ஆனால் அவர் போவது படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம். நம் ஆள் நடமாடிக்கொண்டிருக்கிறார், நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார். இயன்முறைச் சிகிச்சை பக்கவாதம் வந்தவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும். ஆக மூன்று கதவும் திறந்திருக்கிறது, இவர் எந்தக் கதவுக்குள்ளும் போவதில்லை.

அண்மையில் நான்காவதாக ஒரு கதவும் வந்தது. 'பாதம் பாதுகாப்போம்' திட்டம். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைச் சோதித்து, உணர்ச்சி குறைந்தவர்களை முன்னாலேயே கண்டுபிடித்து, புண்ணையும் காலை எடுப்பதையும் தடுப்பது நோக்கம். ரொம்பச் சரியான நோக்கம். ஆனால் அது தேடுவது மரத்துப்போன காலை. எரிகிற காலை இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்கலாம். ஒரே நரம்பு நோயின் இரண்டு முகம்தான். ஆனால் இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் 15,692 சர்க்கரை நோயாளிகளைச் சோதித்து 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 34 சதவீதம் பேருக்கு நரம்பு வலி அறிகுறிகள் இருந்தன. சோதனையில் நரம்புப் பாதிப்பு இல்லை என்று முடிவானவர்களிலும் நாலில் ஒருவருக்கு வலி அறிகுறி இருந்தது. அங்கே வாழும் தெற்காசியர்களுக்கு வலி அறிகுறிகள் வெள்ளையர்களைவிடக் கூடுதல், பெண்களுக்கும் கூடுதல். அதாவது உணர்ச்சி சோதனையில் 'பாஸ்' ஆகிப் போகிறவர்களிலேயே ராத்திரி தூங்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சோதனை பண்ணி "கால் நல்லா இருக்கும்மா" என்று அனுப்பிவிட்டால் அவர் என்ன நினைப்பார்? நமக்குத்தான் மனப்பிரமை போல என்று நினைத்துக்கொள்வார்.

"வலி இருக்கா?" என்பது தப்பான கேள்வி

இன்னொரு சிக்கல் மொழி. "காலில் வலி இருக்கா?" என்று கேட்டால் நம் ஊர் ஆள் "இல்லீங்க" என்பார். பொய் இல்லை. அவருக்கு வலி என்பது அடிபட்டால், சுளுக்கினால் வருவது. இது வேறு. இதற்கு நம் பேச்சுத் தமிழில் ஒரு பட்டியலே இருக்கிறது: எரிச்சல், காந்தல், மதமதப்பு, சுருக் சுருக்குன்னு குத்தறது, எறும்பு ஊர்ற மாதிரி, கரண்ட் அடிக்கிற மாதிரி, ஜில்லுன்னு இழுக்கிறது, பஞ்சு மேல நடக்கிற மாதிரி, செருப்பு கழண்டதே தெரியல.

வியப்பு என்னவென்றால், நரம்பு வலியை மற்ற வலிகளிலிருந்து பிரித்தறிய உலகம் முழுக்கப் பயன்படும் டிஎன்4 என்ற கேள்விப் பட்டியலில் கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான். எரிச்சல், வலிக்கிற குளிர்ச்சி, மின்சாரம் பாய்வது போல, ஊர்வது, குத்துவது, மரப்பு, அரிப்பு என்று ஏழு கேள்வி. கூடவே தொட்டும் குத்தியும் பார்க்கும் மூன்று சோதனை. பத்துக்கு நாலு வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கேட்க ஸ்கேனும் வேண்டாம், நரம்பியல் நிபுணரும் வேண்டாம். அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவர் வேண்டும். ஐந்து நிமிஷம் வேண்டும். வெளிநோயாளிப் பிரிவில் ஒரு டாக்டர் காலையில் பார்க்கும் கூட்டத்தில் அந்த ஐந்து நிமிஷம் கிடையாது. நர்சம்மாவுக்கு வார்த்தையும் தெரியும், வீடும் தெரியும்.

இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. லிவர்பூலில் 2004-ல் வெளியான ஆய்வில், நாள்பட்ட நரம்பு வலி இருந்த சர்க்கரை நோயாளிகளில் எட்டில் ஒருவர் அதை டாக்டரிடம் சொன்னதே இல்லை. பத்தில் நாலு பேர் சிகிச்சை என்று எதுவும் எடுத்ததே இல்லை. ஒவ்வொருவருக்கும் குடும்ப டாக்டர் இருக்கிற, மருத்துவம் இலவசமாகக் கிடைக்கிற ஊரில் இந்த நிலை.

"சுகரைக் குறைங்க, தானா சரியாயிடும்"

சொன்னவர்களுக்குக் கிடைக்கும் பதில் இதுதான். இதில் பாதி உண்மை. முதல் வகைச் சர்க்கரை நோயில் சுகரைக் கட்டுக்குள் வைப்பது நரம்புப் பாதிப்பை நன்றாகவே தடுக்கிறது. நம்மில் பெரும்பான்மையோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அதில் பலன் மெலிவு. 2012-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில் அந்தக் குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் கூட இல்லை. சுகரைக் கட்டுப்படுத்த வேறு நூறு காரணம் இருக்கிறது: கண், கிட்னி, இதயம். ஆனால் ஏற்கெனவே எரிகிற காலுக்கு அதையே மருந்தாகச் சொல்வது ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வேலை. "நீ சோத்தைக் குறைக்கல, அதான் எரியுது" என்று கேட்டுக்கேட்டு, அடுத்த தடவை அவர் எரிச்சலைப் பற்றிச் சொல்லமாட்டார்.

அதற்குப் பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் 'நரம்பு ஊசி' போட்டுக்கொள்வார். இன்னொருவர் மருந்துக் கடையில் 'கால் எரிச்சலுக்கு ஏதாச்சும்' என்று சிவப்பு மாத்திரை வாங்குவார். பி12 குறைவாக இருந்தால் அந்த ஊசி நிஜமாகவே வேலை செய்யும். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவதும் உண்டு, அதுவே காலை மரக்கச் செய்வதும் உண்டு. எனவே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். குறைவு இல்லாதவருக்குப் பத்து ஊசி போட்டாலும் எரிச்சல் அடங்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. சிலர் வெந்நீரில் காலை வைப்பார்கள், சூடா ஒத்தடம் கொடுப்பார்கள். மரத்த காலுக்கு அது எவ்வளவு சூடு என்றே தெரியாது. காலையில் பார்த்தால் கொப்புளம். வலிக்கு வழி சொல்லாமல் விட்டதால் வந்த புண் அது. பாதம் பாதுகாப்போம் திட்டத்தின் கணக்கில் புண் மட்டும் ஏறும். அது எப்படி வந்தது என்பது ஏறாது.

மருந்து இருக்கிறது, கூட இருந்து பார்க்க ஆள் இல்லை

நரம்பு வலிக்கு மருந்தே இல்லை என்பது தவறு. சாதாரண வலி மாத்திரை கேட்காது, அவ்வளவுதான். அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபலின், காபாபென்டின் என்று சில மருந்துகள் இருக்கின்றன. இதில் அமிட்ரிப்டிலின் பழைய மருந்து, மலிவான மருந்து. மனச்சோர்வுக்கென்று வந்தது; குறைந்த அளவில் நரம்பு வலிக்குப் பயன்படுகிறது.

2022-ல் லான்செட் இதழில் வெளியான ஆப்ஷன்-டிஎம் ஆய்வு இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது: எந்த மருந்தில் தொடங்கினால் நல்லது? பிரிட்டனில் 13 மையங்களில் 130 பேர். ஒவ்வொருவரும் மூன்று வழிகளையும் 16 வாரம் வீதம் பார்த்தார்கள். முதல் ஆறு வாரம் ஒரு மருந்து. வலி போதுமான அளவு குறையவில்லை என்றால் இரண்டாவது மருந்தைச் சேர்ப்பது. முடிவு: எதில் தொடங்கினாலும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்துக்கு 6.6 இருந்த வலி சராசரியாக 3.3-க்கு இறங்கியது. பாதிக்குப் பாதி.

இந்த ஆய்வைப் பலரும் 'எந்த மாத்திரை' என்ற கேள்விக்கான பதிலாக மட்டுமே படிக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. வலியைப் பாதியாக்கியது ஒரே ஒரு சீட்டு இல்லை. குறைந்த அளவில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கேட்டு, கூட்டி, தாங்காவிட்டால் குறைத்து, ஆறு வாரம் கழித்து அளந்து, தேவைப்பட்டால் இன்னொன்றைச் சேர்த்த அந்த முறைதான் பாதியாக்கியது. வலி மருந்துகளைப் பற்றிய 2015-ம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொல்வதையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அமிட்ரிப்டிலின் வகை மருந்தை ஏறக்குறைய நாலு பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையால் கிடைப்பதற்கு மேல் ஒருவருக்குக் கூடுதலாகப் பாதி வலி குறையும். பிரிகாபலினுக்கு ஏழெட்டுப் பேருக்கு ஒருவர். அதாவது பலருக்கு முதல் மருந்து வேலை செய்யாது. அதைக் கண்டுபிடித்து நிறுத்துவதும் சிகிச்சைதான்.

நம் ஊரில் எப்படி நடக்கிறது? டாக்டர் 10 மில்லிகிராம் எழுதுகிறார். அடுத்த மாதம் வரச் சொல்கிறார். மூன்றாம் நாள் வாய் காய்கிறது, காலையில் கிறுகிறுப்பு, மலச்சிக்கல். எரிச்சல் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் 10 மில்லிகிராம் தொடக்கம் மட்டும்தான். மாத்திரை அலமாரிக்குப் போகிறது. "அந்த மருந்து எனக்கு ஒத்துக்கல" என்று தீர்ப்பு. நாலாம் நாள் யாராவது ஒருவர், "வாய் காயறது கொஞ்ச நாள்ல குறையும், ராத்திரி எட்டு மணிக்கே போட்டுருங்க, அடுத்த வாரம் வந்து பாக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் கதை மாறியிருக்கும். அந்த யாராவது ஒருவர் டாக்டராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

செவிலியர் தலைமையிலான பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். டாக்டர் இல்லாத குறைக்கு நர்ஸ் என்ற மலிவுப் பதிலீடு இல்லை. இந்த நோயின் சிகிச்சையே கேட்பது, அளப்பது, கூட்டுவது, குறைப்பது, மறுபடி கேட்பது என்ற வடிவத்தில் இருக்கிறது. அது செவிலிய வேலையின் வடிவம்.

வேலூரிலிருந்து ஒரு பழைய பாடம்

காலைப் பார்க்கும் மருத்துவத்துக்குத் தமிழ்நாடு புதிது இல்லை. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் 'அழுகி' விழவில்லை, உணர்ச்சி இல்லாததால் அடிபட்டு அடிபட்டுத் தேய்கின்றன என்று காட்டினார். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது, அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் போனது. இன்று உலகம் முழுக்கச் சர்க்கரைக்காரர்களின் பாதத்தில் வளைத்து வைத்துப் பார்க்கும் 10 கிராம் நைலான் இழையும் தொழுநோய் மருத்துவத்தில் பழகிய கருவியின் உறவுதான்.

பிராண்ட் சொன்ன ஒரு சம்பவம் இங்கே பொருந்தும். நோயாளிகளின் விரல்கள் சில ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயின. ஏன் என்று பகலில் பரிசோதித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்தபோதுதான் தெரிந்தது: எலி. வலி தெரியாத விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

நரம்பு எரிச்சலும் ராத்திரி நோய்தான். பகலில் வேலையில் மறந்திருக்கும், படுத்தால் கிளம்பும். காலை எட்டு மணிக்கு ஓபி-யில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஈரத்துணியைப் பார்க்கிறவருக்குத் தெரியும்.

சான்று எவ்வளவு?

"நர்ஸ் பார்த்தால் சரியாக இருக்குமா?" நியாயமான கேள்வி. ஆரம்ப நிலை மருத்துவத்தில் டாக்டருக்குப் பதில் செவிலியர் பார்ப்பது பற்றி 2018-ல் காக்ரேன் வெளியிட்ட தொகுப்பாய்வில் 18 சோதனைகள். பல விஷயங்களில் முடிவு டாக்டர் பார்ப்பதற்குச் சமம் அல்லது சற்று மேல். நோயாளிகளுக்குத் திருப்தி கொஞ்சம் கூடுதல். பேசும் நேரம் அதிகம். ஆனால் அந்த 18-ல் ஒன்று மட்டும்தான் நடுத்தர வருமான நாட்டில் நடந்தது. மீதி எல்லாம் பணக்கார நாடுகள். அதை அப்படியே தூக்கி வந்து புவனகிரியில் வைக்க முடியாது.

நம் பக்கத்தில் நடந்தது கார்ஸ் சோதனை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 மருத்துவமனைகளில் 1,146 சர்க்கரை நோயாளிகள். டாக்டர் அல்லாத ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரும், டாக்டருக்கு யோசனை சொல்லும் மென்பொருளும் சேர்ந்தபோது, சர்க்கரையோடு பிரஷர் அல்லது கொழுப்பையும் இலக்குக்குள் கொண்டுவந்தவர்கள் 18 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 8 சதவீதம். நல்ல முடிவு. ஆனால் கவனியுங்கள், இங்கேயும் அளந்தது நம்பர்களைத்தான். கால் எரிச்சல் இங்கேயும் முக்கிய இலக்கில் இல்லை. ஆய்வாளர்கள் அளக்காததைத் திட்டம் அளப்பதில்லை, திட்டம் அளக்காததை நர்ஸ் கேட்பதில்லை, நர்ஸ் கேட்காததை நோயாளி சொல்வதில்லை. சங்கிலி இப்படித்தான் போகிறது.

வலியையே மையமாக வைத்து செவிலியர் வீடு தேடிப் போகிற ஏற்பாடு நடக்குமா என்று கேட்டால், பக்கத்து மாநிலம் பதில். கேரளம் 2008-ல் ஆதரவுச் சிகிச்சைக்கென்று கொள்கை அறிவித்தது. உள்ளாட்சிகளோடு சேர்ந்த வீட்டுப் பராமரிப்பின் முதுகெலும்பு அங்கே செவிலியர்தான். பாதத்துக்கு என்றால், 2004 வாக்கில் இந்தியா, வங்கதேசம், இலங்கை, டான்சானியாவில் நடந்த 'ஸ்டெப் பை ஸ்டெப்' பயிற்சியில் ஒரு டாக்டரையும் ஒரு செவிலியரையும் ஜோடியாகவே அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாமல் போனால் வேலை நடக்காது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இரண்டு தடை: சட்டம், சம்பளம்

சட்டம் முதலில். இந்தியாவில் செவிலியர் தானாக மருந்து எழுத முடியாது. பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் 2006 முதல் ஏறக்குறைய எல்லா மருந்தும் எழுதுகிறார்கள். இங்கே அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. டாக்டர் ஒரு தடவை நேரில் பார்த்து, இதயம், கண் அழுத்தம், ஆண்களுக்கு புராஸ்டேட் எல்லாம் விசாரித்து, "10-ல் தொடங்கி இந்த அளவுவரை கூட்டலாம், இன்ன அறிகுறி வந்தால் நிறுத்தி எனக்குச் சொல்லுங்கள்" என்று எழுதிக் கொடுக்கலாம். அந்த எல்லைக்குள் ஏற்றி இறக்குவது செவிலியர் வேலை. சந்தேகம் வந்தால் இ-சஞ்சீவனியில் டாக்டரைப் பிடிக்கலாம். துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர்களாக இருப்பவர்களும் படித்த செவிலியர்கள்தான்.

சம்பளம் இதைவிடப் பெரிய தடை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். கொரோனா காலத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டதும் நினைவிருக்கும். இப்படிப்பட்டவர்கள் தலையில் 'கால் எரிச்சலையும் கேளுங்கம்மா' என்று இன்னொரு பதிவேட்டைச் சுமத்துவது என் வாதம் இல்லை. வலியைக் குறைக்கும் வேலைக்கு ஒரே ஆள் மூன்று மாதமாவது தொடர்ந்து வர வேண்டும். "போன வாரம் எத்தனை மார்க் சொன்னீங்க, இப்ப எத்தனை?" என்று கேட்கிறவர் போன வாரம் வந்தவராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஆள் மாறிக்கொண்டே இருந்தால் இந்தச் சிகிச்சை நடக்காது. செவிலியருக்கு நிரந்தர வேலை என்பது இங்கே தொழிற்சங்கக் கோரிக்கை மட்டும் இல்லை, மருந்தின் ஒரு பகுதி.

புவனகிரியில் என்ன செய்யலாம்

பெரிய திட்டம் வேண்டாம். ஒரு வட்டாரத்தில் ஒரு வருஷம் இதைச் செய்து பார்க்கலாம்.

1. தன்னார்வலர் சுகர் பார்க்கும்போது இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பது: "கால்ல எரிச்சல், மதமதப்பு, குத்தல் ஏதாவது இருக்கா? அதனால ராத்திரி தூக்கம் கெடுதா?" 'வலி' என்ற சொல் வேண்டாம்.

2. 'ஆமா' என்றவரை ஒரு வாரத்துக்குள் செவிலியர் பார்ப்பது. பத்துக்கு எத்தனை என்று வலியைக் குறிப்பது. கண்ணை மூடச் சொல்லி இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை லேசாகத் தொட்டுப் பார்ப்பது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதம் ஆபத்தில் இருக்கிறது. இப்ஸ்விச் தொடு சோதனை என்று பெயர். செலவு ஒரு பைசா இல்லை.

3. எல்லாக் கால் எரிச்சலும் சர்க்கரையால் வருவதில்லை. குடி, பி12 குறைவு, தைராய்டு, தொழுநோய் எல்லாம் காரணமாகலாம். ஒரு காலில் மட்டும் இருந்தால், கால் பலம் குறைந்தால், நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றால் விட்டால், விரல் கறுத்தால், புண் இருந்தால் உடனே சிதம்பரம். அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இன்று அரசுக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனை அருகிலேயே இருப்பது இந்த வட்டாரத்தின் அதிர்ஷ்டம்.

4. மருந்து தொடங்கியவரை முதல் ஆறு வாரம் வாரம் ஒரு தடவை நேரிலோ போனிலோ விசாரிப்பது. ஆறாம் வாரம் மறுபடி அளப்பது. பலன் இல்லை என்றால் டாக்டரிடம் கொண்டுபோவது. பலன் இல்லாத மருந்தை வருஷக்கணக்கில் ஓடவிடாமல் இருப்பது.

5. மாதக் கடைசியில் 'எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம்' என்பதோடு 'எத்தனை பேருக்கு எரிச்சல் பாதியானது' என்றும் ஒரு வரி எழுதுவது.

ஐந்தாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த வரி இருந்தால் மேலே உள்ள நாலும் தானாக வரும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? வலியை மட்டும் முன்னிட்டு இல்லை. வெள்ளாற்றுக் கரையில் சேற்றில் இறங்குகிறவருக்கும், குறிஞ்சிப்பாடியில் குழிக்குள் கால் விட்டுத் தறி மிதிக்கிறவருக்கும் கால்தான் பிழைப்பு. எரிகிற காலோடு மூன்று மாதம் தூங்காதவர் வேலையைக் குறைக்கிறார், எரிச்சலை அடக்கக் குடியைக் கூட்டுகிறார், "இத்தனை மாத்திரை தின்னு என்ன கண்டேன்" என்று சர்க்கரை மாத்திரையையும் விடுகிறார். வீடு தேடி வந்த மாத்திரை வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. நோயாளியின் கண்ணில் சிகிச்சை என்பது நம்பர் இறங்குவது இல்லை. அவரை வாட்டுவது குறைவது. அவர் கேட்காத நம்பரை நாம் குறைத்துக் காட்டிவிட்டு, அவர் கேட்கிற எரிச்சலை விட்டுவிட்டால், அந்த நம்பரும் நெடுநாள் நிற்காது.